மொகலாயப் பேரரசும் இஸ்லாமியப் பிரிவுகளும்

இந்தியாவை ஆண்ட மொகலாய மன்னரின் சமயக் கொள்கையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஒரு வினாவையே முதன்மையாகக் கொண்டனர். அம்மன்னர் தம் குடிகளுட் பெருந்தொகையினரான இந்துக்களை எவ்வாறு நடாத்தினர் என்பதே அவ்வினா. ஜிஸியா வரி நீக்கப்பட்ட 1564 ஆம் ஆண்டும், அது மீண்டும் விதிக்கப்பட்ட 1679 ஆம் ஆண்டும் பாடநூல்களில் எல்லைக் கற்களாய் நாட்டப்பட்டுள்ளன. அவ்வினா இன்றியமையாததே. எனினும், அதன் பெருமையினால் மற்றொரு வினா மறைந்து கிடக்கின்றது. இஸ்லாமிய அரசு என்று பெயர் பெற்ற மொகலாய அரசு இஸ்லாமியருக்குள்ளேயே இருந்த பல்வேறு பிரிவினரை எவ்வாறு நடாத்தியது?

இஸ்லாம் ஒன்றேயாயினும் அதனைப் பின்பற்றினோர் ஒரே குரலிற் பேசினாரல்லர். சுன்னிகள், ஷீயாக்கள், இஸ்மாயிலி வழியினரான போராக்கள், ஜௌன்பூர் ஸெய்யித் முஹம்மதை மஹ்தியெனக் கொண்ட மஹ்தவிகள், ஆப்கானிய மலைநாட்டு ரோஷனியர் என்போர் ஒருபுறம் நின்றனர். சிஷ்தி, ஷத்தாரி, காதிரி, நக்ஷ்பந்தி முதலிய சூபி நெறியினர் மற்றொருபுறம் நின்றனர். இவர்கள் அனைவருக்கும் மேலாகத் தாமே மார்க்கத்தின் காவலர் என்று உரிமை பாராட்டினர் உலமாக்கள். இத்துணைப் பிரிவினருக்கிடையே மெய்யெது, பொய்யெது என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் யாருக்குரியது? அரசனுக்கா, அறிஞருக்கா? மொகலாயர் வரலாற்றின் பல சிக்கல்கள் இவ்வொரு முடிச்சினின்றும் பிறந்தன.

தொடக்க காலம்

இம்முடிச்சு இந்திய மண்ணிலே முதன்முதல் இடப்பட்டதன்று. பாபர் பானிப்பட்டில் வென்றது 1526 இலாகும். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அவர் இதன் கடுமையை உணர்ந்திருந்தார். 1511 ஆம் ஆண்டிற் சமர்க்கந்து நகரை மீட்பதற்கு ஈரானிய மன்னன் ஷா இஸ்மாயிலின் துணையை அவர் நாடினார். ஷா இஸ்மாயில் ஷீயாக் கொள்கையை அரச சமயமாக்கியவன். துணைக்கு விலையாக, ஷீயா மரபைத் தழுவிய அடையாளங்களைப் பாபர் ஏற்க வேண்டியதாயிற்று. தம் முன்னோன் தைமூரின் வழித்தோன்றலை மகிழ்ந்து வரவேற்ற சமர்க்கந்து மக்கள், சுன்னிகளாதலின், விரைவில் மனம் வேறுபட்டனர். அடுத்த ஆண்டிலே அந்நகர் அவர் கையினின்றும் நழுவிற்று. படையினாற் பெற்றதைச் சமயப் பிணக்கினால் இழக்க நேருமென்பதை மொகலாயர் கற்ற முதற் பாடம் இதுவே.

மகன் ஹுமாயூனும் இத்தகைய நிலைக்கு உள்ளானார். ஷெர்ஷாவிடம் நாட்டையிழந்து 1544 இல் ஈரானிய அரசவையிற் புகலடைந்தபோது, ஷா தஹ்மாஸ்ப் அவரிடம் ஷீயாக் கொள்கையை ஏற்குமாறு வற்புறுத்தினான். வெளித்தோற்றத்திலேனும் இணங்கியபின்னரே படைத்துணை கிடைத்தது. எனவே ஹுமாயூன் 1555 இல் டில்லிக்கு மீண்டபோது அவருடன் வந்த பிரபுக்களில் நடு ஆசியச் சுன்னிகளும் ஈரானிய ஷீயாக்களும் கலந்திருந்தனர். இக்கலப்பு மொகலாய அரசின் உடன்பிறப்பாயிற்று. இவ்விரு திறத்தாருள் ஒருவரைத் துரத்தி மற்றவரைக் கொண்டு மட்டும் ஆள்வது எந்த மொகலாயனுக்கும் இயலாததாயிற்று. இளம் அக்பருக்குக் கல்வி கற்பித்த கஸ்வீன் நகரத்து மீர் அப்துல் லத்தீபை ஈரானிலே சுன்னியென்றும் இந்தியாவிலே ஷீயாவென்றும் ஐயுற்றனரென்பர். இரு கரையிலும் ஐயுறப்பட்ட அவ்வாசிரியரே எல்லாரோடும் இணங்கி வாழும் நெறியை அக்பருக்கு முதலிற் காட்டினாரென்பது பொருத்தமுடையதாகும்.

அரசின் கருவிகள்

சமயத் துறையில் மொகலாய அரசு செயற்பட்ட வகையை அறிதல் ஈண்டு அவசியமாகும். நீதி வழங்கக் காதிகள் இருந்தனர். அறிஞர், சூபிகள், ஏழைகள் ஆகியோருக்கு மானியம் வழங்க ஸத்ர் என்னும் உயர் அதிகாரி இருந்தார். இம்மானியம் மததே மஆஷ் எனப்பட்டது. அது பணமாகவன்றி, வரியிலி நிலமாகவே பெரிதும் அளிக்கப்பட்டது. அக்பரின் ஆட்சியில் இந்நிலங்கள் மீண்டும் அளந்து ஆராயப்பட்டன. பாதி விளைநிலமும் பாதி தரிசு நிலமுமாகக் கொடுக்க வேண்டுமென்ற விதியும் பிறந்தது. மானியம் பெறுவோன் தரிசைத் திருத்தி விளைநிலமாக்குவான் என்பது இவ்விதியின் கருத்து.

இந்நிலக்கொடையின் உட்பொருளை மறத்தலாகாது. அரசனுக்கு நல்வாழ்த்துக் கூறுதலே மானியம் பெற்றோரின் கடனாகக் கருதப்பட்டது. கொடுத்த கை எடுக்கவும் வல்லது. ஸத்ர் பதவியில் இருந்தவர் தம் கொள்கைக்கு மாறானோரின் நிலத்தைப் பறிக்கவும், தமக்கு வேண்டியோரின் நிலத்தைப் பெருக்கவும் கூடியவராயிருந்தார். ஆதலின், ஒரு சமயப் பிரிவு மற்றொன்றின் மீது வெற்றிகொள்ள விரும்பின், வாதத்தால் வெல்வதிலும் அரசவையில் அப்பதவியைப் பெறுவதே எளிய வழியாயிற்று.

மஹ்தவிகளும் உலமாக்களும்

ஜௌன்பூரிற் பிறந்த ஸெய்யித் முஹம்மத் (1443–1505) தம்மை வரவேண்டிய மஹ்தியென அறிவித்தார். அவரைப் பின்பற்றினோர் தாயிரா எனப்படும் குடியிருப்புக்களிலே கூடி வாழ்ந்தனர். கிடைத்ததைத் தமக்குட் சமமாகப் பங்கிட்டனர். அரச மானியங்களை நாடாதிருந்தனர். அவர்களது எளிமை மக்களைக் கவர்ந்தது. அவ்வெளிமையே உலமாக்களின் செல்வ வாழ்வுக்கு ஒரு மறைமுகமான கண்டனமுமாயிற்று.

சூர் வமிசத்து இஸ்லாம் ஷாவின் காலத்தில், மக்தூமுல் முல்க் என்னும் பட்டம் பெற்ற அப்துல்லா சுல்தான்பூரி அரசவையிற் செல்வாக்குடன் விளங்கினார். பியானா நகரத்து ஷெய்க் அலாயி என்னும் மஹ்தவித் தலைவர் அவரது தூண்டுதலினால் 1550 இற் கசையடிக்கு உள்ளாக்கப்பட்டார். கொள்ளைநோயால் நலிந்திருந்த அவர் சில அடிகளிலே உயிர் நீத்தார். அரசு மாறியும் மக்தூமுல் முல்க்கின் செல்வாக்கு மாறவில்லை. சூர் மன்னரிடம் இருந்த அவர் மொகலாயரிடத்தும் உயர்வு பெற்றார். ஸத்ர் பதவியிலிருந்த ஷெய்க் அப்துன் நபியும் அவரும் மஹ்தவிகளென ஐயுற்றோரைத் தேடினர். நாகோர் ஷெய்க் முபாரக் என்னும் பேரறிஞரும் அவர்தம் புதல்வரும் இவ்வையத்திற்கு ஆளாகி, ஊரூராக ஒளிந்து திரிந்தனர். அப்புதல்வரே பின்னாளிற் புகழ்பெற்ற பைஸியும் அபுல் பஸலும் ஆவர்.

குஜராத்தில் நிகழ்ந்தது அரசின் தடுமாற்றத்தை நன்கு காட்டும். 1572–73 இல் அக்பர் அந்நாட்டைக் கைப்பற்றியபோது, பட்டான் நகரத்து ஹதீஸ் அறிஞர் முஹம்மத் தாஹிர் தலைப்பாகை அணியாதிருந்தார். மஹ்தவிக் கொள்கை ஒழியும்வரை அதனை அணிவதில்லையென்பது அவர் விரதம். அக்பர் தம் கையாலேயே அவருக்குத் தலைப்பாகை கட்டி, அப்பொறுப்பைத் தாம் ஏற்பதாகக் கூறினார். ஆனால் மாகாண அதிபதி மாறியதும் கண்டிப்புத் தளர்ந்தது. மீண்டும் தலைப்பாகையைக் களைந்த தாஹிர் மன்னரிடம் முறையிடச் செல்லும் வழியில் 1578 இற் கொல்லப்பட்டார். ஷெய்க் அலாயி கசையடியில் மாண்டார். முஹம்மத் தாஹிர் வழியிலே வெட்டுண்டார். அரசின் வாளைத் துணைக்கழைத்த சச்சரவில் இரு திறத்தாரும் தம்முள் மேலோரை இழந்தனர்.

இபாதத் கானாவும் மஹ்ஸரும்

அக்பர் 1575 இற் பதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்னும் வழிபாட்டு மண்டபத்தை நிறுவினார். முதலில் அங்கு வாதிட்டோர் முஸ்லிம்களே. வியாழன் இரவுகளில் ஸெய்யிதுகள், உலமாக்கள், ஷெய்குகள், பிரபுக்கள் என நான்கு திறத்தினர் நான்கு பக்கத்தில் அமர்ந்தனர். உண்மையைத் தேடக் கூடிய மண்டபம் விரைவிற் பகைமைக் களமாயிற்று. ஆசன வரிசையிலேயே பூசல் எழுந்தது. ஒருவர் ஆகுமென்றதை மற்றவர் ஆகாதென்றார். ஒருவரையொருவர் மார்க்கத்திற்குப் புறம்பானவரென்று தூற்றினர். மக்தூமுல் முல்க் ஆண்டிறுதியிலே தம் பொருளை மனைவி பெயருக்கு மாற்றி, ஸகாத் கொடுக்கும் கடமையினின்றும் தப்பினாரென்ற செய்தியும் அவையிலே வெளிப்பட்டது. அக்பரின் கொள்கையை வெறுத்த பதாயூனியே இச்செய்தியை எழுதிவைத்தாராதலின், இதனைப் பகைவர் புனைவென்று தள்ளுதல் எளிதன்று.

மார்க்க அறிஞரின் ஒருமித்த தீர்ப்பு என்பது கிடைத்தற்கரியதென அக்பர் கண்டார். 1579 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மஹ்ஸர் என்னும் பிரகடனம் எழுந்தது. அதனை எழுதியவர் முன்பு வேட்டையாடப்பட்ட ஷெய்க் முபாரக். அதிற் கையொப்பமிட்டோருள் அவரை வேட்டையாடிய மக்தூமுல் முல்க்கும் அப்துன் நபியும் இருந்தனர். நீதியுள்ள மன்னனின் நிலை முஜ்தஹித் ஒருவரின் நிலையிலும் உயர்ந்தது. அறிஞர் கருத்து வேறுபடின், அவற்றுள் மக்களுக்கு நன்மை பயப்பதை மன்னன் தேர்ந்துகொள்ளலாம். திருக்குர்ஆனுக்கு முரணாகாத புதிய ஆணையையும் அவன் பிறப்பிக்கலாம் என்பன அதன் சாரம்.

வின்சென்ற் ஸ்மித் முதலிய ஆசிரியர் இதனைத் தவறாமைப் பிரகடனமெனக் குறித்தனர். அக்கூற்று மிகையானது. மன்னன் தவறே செய்யானென்று அப்பிரகடனம் கூறவில்லை. அறிஞர் கூறிய கருத்துக்களுள் ஒன்றைத் தேரும் உரிமையையே முதன்மையாக வழங்கிற்று. எனினும், அதன் விளைவு சிறிதன்று. அதுகாறும் ஒரு பிரிவினரின் கையிலிருந்து மற்றைப் பிரிவினர்மீது பாய்ந்த தீர்ப்பதிகாரம், அன்று முதல் எல்லாப் பிரிவுகளுக்கும் மேலான அரசனிடம் சென்றது. சிறிது காலத்துள் மக்தூமுல் முல்க்கும் அப்துன் நபியும் மக்காவுக்கு அனுப்பப்பட்டனர். இருவரும் பின்னர் திரும்பி வந்து, ஒருவர் குஜராத்திலும் மற்றவர் காவலிலும் உயிர் துறந்தனர்.

1580 இல் வங்காளத்திலும் பீகாரிலும் படைத்தலைவர் கலகம் விளைத்தனர். குதிரைகளுக்குச் சூடிடும் விதியும் சம்பளக் குறைப்பும் அவர்தம் மனக்குறைகள். அவற்றிற்கு மார்க்கப் போர்வை அளித்தவர் ஜௌன்பூர்க் காதி முல்லா முஹம்மத் யஸ்தி. மன்னனுக்கெதிராக வாளெடுத்தல் கடமையென அவர் பத்வா வழங்கினார். பின்னர் யமுனையாற்றில் அமிழ்த்தப்பட்டார். இவர் ஷீயா என்பது கவனிக்கத்தக்கது. கலகக்காரரோ சுன்னிகளான நடு ஆசியரே பெரும்பாலர். அரசை எதிர்க்குங்கால் பிரிவுகள் தம் வேற்றுமையை மறக்கவும் கூடுமென்பதற்கு இது சான்று.

அக்பர் ஆட்சியில் ஷீயாக்களுக்கும் சூபிகளுக்கும் இடமிருந்தது. சிக்ரி ஷெய்க் ஸலீம் சிஷ்தியின் ஆசியால் 1569 இற் பிறந்த மகனுக்கு அப்பெரியார் பெயரையே மன்னர் இட்டார். அடுத்த ஆண்டில் ஆக்ராவிலிருந்து அஜ்மீருக்குக் கால்நடையாகச் சென்றார். ஷீயா அறிஞர் நூருல்லாஹ் ஷூஸ்தரி லாகூர்க் காதியாக நியமிக்கப்பட்டார். சுன்னிகளின் நான்கு மத்ஹபுகளுள் ஒன்றுக்கு இணங்கவே தீர்ப்பளிப்பேனென அவர் உடன்பட்டார். 1588 இல் முல்லா அஹ்மத் தத்தவி என்னும் ஷீயா வரலாற்றாசிரியர் சமயப் பகையாற் கொல்லப்பட்டபோது, கொலையாளி உயர்குடியினனாயிருந்தும் யானைக்காலிற் கட்டப்பட்டு மாண்டான். ஆனால் எல்லைப்புறத்து ரோஷனியரிடம் இப்பொறுமை காட்டப்படவில்லை. பாயஸீத் அன்ஸாரியின் வழியினரான அவர்கள் கைபர்க் கணவாயின் போக்குவரத்தை அலைத்தனர். ஆதலின் அவர்கள் சமயப் பிரிவினராகவன்றிக் கலகக்காரராகவே கருதப்பட்டு, இரு தலைமுறைக்கு மேலாகப் போரிற் பொருதழிக்கப்பட்டனர்.

ஜஹாங்கீரும் ஷாஜஹானும்

ஜஹாங்கீர் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு ஒப்புநோக்கத் தக்கன. 1610 இல் நூருல்லாஹ் ஷூஸ்தரி ஆக்ராவிற் கசையடியால் மாண்டார். 1619 இல் நக்ஷ்பந்தி நெறியின் தலைவர் ஷெய்க் அஹ்மத் ஸிர்ஹிந்தி குவாலியர்க் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டார். முன்னவர் ஷீயாக் கொள்கையை நாட்டி நூல் எழுதியவர். பின்னவர் அக்கொள்கையை மறுத்து நூல் எழுதியவர். ஒரே மன்னன் இருவரையும் தண்டித்தானாயின், அவன் இவ்விரு பிரிவுகளுள் ஒன்றன் பக்கம் நின்றானெனல் பொருந்தாது. ஷூஸ்தரி இறந்த மறு ஆண்டே ஜஹாங்கீர் ஈரானிய ஷீயாக் குடும்பத்தவளான நூர்ஜஹானை மணந்தார். அவள் தந்தையும் தமையனும் ஆட்சியின் தூண்களாயினர்.

ஸிர்ஹிந்தி தமது கடிதங்களில், தமது ஆன்மிகப் பயணம் முதற் கலீபாக்களின் நிலைகளையும் கடந்து மேற்சென்றதாகக் குறித்திருந்தார். அவர்தம் சீடர் நகரந்தோறும் பரவியிருந்தனர். இவ்விரண்டும் சேர்ந்தே மன்னரை வெகுள்வித்தன. அவரைக் காவல் செய்யும் பொறுப்பு அனீராய் சிங்தலன் என்னும் இராஜபுத்திரத் தலைவனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓராண்டளவில் விடுதலையளித்து, சால்வையும் 1000 ரூபாவும் வழங்கி மன்னர் அவரைக் கௌரவித்தார். சிறையும் சால்வையும் ஒரே கையினின்று வருவனவென்பதை ஷெய்குக்கும் சீடருக்கும் உணர்த்தியதே அதன் பயன்.

ஷாஜஹான் காலத்தில் இச்சிக்கல் அயல்நாட்டுறவிலும் புகுந்தது. கோல்கொண்டாவின் குத்ப் ஷாஹி மன்னர் ஷீயாக்கள். அவர்தம் நாட்டு ஜும்ஆ மேடைகளிலே பன்னிரு இமாம்களின் பெயரும் ஈரானிய மன்னனின் பெயரும் ஓதப்பட்டன. 1636 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அவற்றுக்கு ஈடாக முதல் நான்கு கலீபாக்களின் பெயரும் ஷாஜஹானின் பெயரும் ஓதப்படலாயின. ஈரானிய மன்னனின் பெயர் நீங்கியதே மொகலாயருக்கு முக்கிய இலாபமாகும். குத்பாவில் எவன் பெயர் ஒலிக்கின்றதோ அவனே அந்நாட்டின் மேலதிபதி. சமய வாசகமும் அரச வாசகமும் அங்கு பிரிக்கவொண்ணாதன.

அவுரங்கசீப்

அவுரங்கசீப் சுன்னி நெறியில் உறுதியானவரென்பதில் ஐயமில்லை. அவர் குஜராத்தின் அதிபதியாயிருந்தபோது, போராக்களின் 32 ஆவது தாயியான ஸெய்யித்னா குத்புத்தீன் 1646 இல் அஹமதாபாத்திற் கொல்லப்பட்டார். 1659 இல் மூத்த சகோதரர் தாரா ஷுகோ மார்க்கத்தினின்றும் வழுவினாரென்ற தீர்ப்பின்மேல் உயிரிழந்தார். ஷெய்க் நிஸாமின் தலைமையில் அறிஞர் பலர் கூடித் தொகுத்த பதாவா ஆலம்கீரி ஹனபிச் சட்டத்தின் பெருங் களஞ்சியமாயிற்று.

ஆயினும், இவர் ஆட்சியை ஒரு பிரிவின் ஆட்சியெனச் சுருக்கிக் கூறுதல் இயலாது. அதர் அலி 1966 இல் வெளியிட்ட ஆய்வு, ஈரானியப் பிரபுக்களின் இடம் இவர் காலத்திலும் பெரிதாகக் குறையவில்லையென்று காட்டிற்று. ஸிர்ஹிந்தியின் கடிதங்களைக் கற்பித்தலாகாதென்று 1679 இல் அவுரங்காபாத்துக்கு ஆணை சென்றதும் இவர் ஆட்சியிலேயே. நெறிபிறழாதவரெனப் புகழப்பட்ட ஷெய்கின் நூலை நெறிபிறழாதவனெனப் புகழப்பட்ட மன்னனின் அரசே தடுத்தது.

காதிகளின் வரலாற்றில் ஒரு தந்தையும் மகனும் குறிப்பிடத்தக்கோர். ஷாஜஹான் உயிரோடிருக்க மகன் பெயரால் குத்பா ஓதுதல் தகாதென்று அக்காலத்துத் தலைமைக் காதி மறுத்தார். குஜராத்தைச் சேர்ந்த அப்துல் வஹ்ஹாப் அதற்கு வழி கண்டார். முதியவர் ஆளும் வலியிழந்தாராதலின் மகன் முடிசூடுதல் ஆகுமென அவர் தீர்ப்பளித்தார், தலைமைக் காதியுமானார். அவருக்குப்பின் அப்பதவி அவர் மகன் ஷெய்குல் இஸ்லாமுக்கு வந்தது. பீஜப்பூர், கோல்கொண்டா ஆகிய முஸ்லிம் அரசுகள்மீது படையெடுத்தல் ஆகுமாவென்று மன்னர் கேட்டபோது, அம்மகன் ஆகாதென்றார். பதவியைத் துறந்து மக்காவுக்குச் சென்றார். அவர் மறுப்பினாற் போர் நிற்கவில்லை. பீஜப்பூர் 1686 இலும் கோல்கொண்டா 1687 இலும் வீழ்ந்தன. ஆனால் மானியத்தாலும் பதவியாலும் அரசோடு பிணிக்கப்பட்ட ஒரு கூட்டத்துள்ளும் மனச்சாட்சி முற்றும் மாண்டுபோகவில்லையென்பதற்கு அம்மறுப்பு அழியாச் சான்றாக நிற்கின்றது.

லாகூர்க் குத்பா

அவுரங்கசீப்பின் மகன் பஹதூர் ஷா குத்பாவில் ஒரு சொல்லைச் சேர்க்க விரும்பினார். அலீ அவர்களை நபிகளின் வஸி, அதாவது அவர்தம் பொறுப்பை ஏற்றவர், எனக் குறிப்பதே அது. இச்சொல் ஷீயாக் கொள்கையின் உயிர்நிலை. அஹமதாபாத்தில் இதனை ஓதிய கதீப் மேடையிலேயே தாக்கப்பட்டு மாண்டார். 1711 இல் லாகூரில் ஹாஜி யார் முஹம்மத் முதலிய உலமாக்கள் மன்னரின் முன்னிலையிலேயே மறுத்துரைத்தனர். மக்கள் திரண்டனர், இளவரசரிற் சிலரும் மறைவில் அவர்கள் பக்கமாயினர். முடிவில் மன்னர் பணிந்தார். பழைய வாசகமே ஓதப்பட்டது. உலமாக்களிற் சிலரைப் பின்னர் சிறைக்கு அனுப்பியதனால் அத்தோல்வி மறையவில்லை.

1579 இல் அக்பர் முன்னிலையில் உலமாக்கள் கையொப்பமிட்டனர். 1711 இல் அவர் வழித்தோன்றல் உலமாக்கள் முன்னிலையில் தம் ஆணையைக் கைவிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள 132 ஆண்டுகளே மொகலாயப் பேரரசின் உயர்வும் தளர்ச்சியுமாகும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சியாற் போதரும் உண்மைகள் மூன்று. முதலாவது, கொள்கை வேற்றுமையொன்றே காரணமாக மொகலாய அரசு முஸ்லிம் பிரிவினரை வருத்திய சந்தர்ப்பங்கள் சிலவே. அரசுக்குப் போட்டியான தலைமையொன்று எழுந்ததாகத் தோன்றியவிடத்தே அதன் கை கடுமையாயிற்று. இரண்டாவது, பிரிவினர் தம்முள் வாதத்தால் முடிக்கவேண்டிய வழக்கை அரசிடம் கொண்டுசென்ற போதெல்லாம் முடிவில் வலிமை பெற்றது அரசேயன்றி அப்பிரிவினரல்லர். மக்தூமுல் முல்க் பிறர்மேல் ஏவிய படைக்கலம் அவர்மேலேயே திரும்பிற்று. மூன்றாவது, எல்லாப் பிரிவுகளுக்கும் நடுவாக நிற்கும் நிலையை அக்பர் தம் ஆளுமையாற் படைத்தாரேயன்றி, அதற்கு நிலையான அமைப்பொன்றைப் படைத்திலர். நடுவுநிலைமை அரசனது இயல்பைச் சார்ந்திருக்குமாயின், அவ்வியல்பு மாறுங்கால் அதுவும் மாறும். அவன் வலி குன்றுங்கால் அதுவும் குன்றும்.

பல பிரிவினர் கூடி வாழும் நாட்டில் ஒருவர் நெறியை மற்றவர் மீது ஏற்ற அரசின் கையை நாடுதல் எளிது. அக்கையை விலக்கிவைத்தல் அரிது. ஷெய்க் அலாயியின் முதுகிலும் நூருல்லாஹ் ஷூஸ்தரியின் முதுகிலும் விழுந்த கசைகள் ஒரே மார்க்கத்தாரின் கைகளிலிருந்தே விழுந்தன. அதனை நினைவிற் கொள்வோருக்கு மொகலாயர் வரலாறு வெறும் போர்களின் பட்டியலாகத் தோன்றாது.